தேதி போடாத படம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இன்ஸ்பெக்டர் அசோகன் சார், நீங்கள் கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்கிறேன் என்றபோது, காகிதம் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியது அதனால்தான். சாந்தோமில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறேன். நடத்தை என்ற கட்டத்தில் இதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 'நன்று' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும் அதுதான். யாருடைய வாழ்க்கையையும் கெடுக்கும் புத்தி எனக்குக் கிடையாது.

பெயர் காஸ்பர். வயது நாற்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. ஷில்பாவின் கால் போனதற்கு நான் எப்படிக் காரணம் ஆனேன் என்று எழுதச் சொன்னீர்கள். காரணம் என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷில்பாவை இன்று எல்லோருக்கும் தெரியும். டிரிபிள் ஜம்ப், அதாவது மும்முறைத் தாண்டலில், ஆசிய அளவில் வெண்கலம் வாங்கியவள். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் இருந்துகொண்டு, அம்மா தங்கம் மீன் விற்ற கையோடு டிபன் கட்டிக் கொடுக்க, பயிற்சிக்குப் போனவள். அவளுக்குப் பதினான்கு வயதானபோது ஒரு மாவட்டப் போட்டியில் பார்த்தேன். கைதட்டியது இரண்டு பேர், அவள் அம்மாவும் நானும். அன்று சாயங்காலமே 'ஷில்பா நம்ம பொண்ணு' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினேன். எட்டு வருடம் சார். அந்த ஆட்டத்தின் விதிகளைப் படித்து, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். அவள் கோட்டை மிதித்துத் தோற்ற நாளில் கேலி பேசியவர்களோடு நான்தான் மல்லுக்கு நின்றேன். அவள் தாண்டினாள், மறுக்கவில்லை. அவள் தாண்டுகிறாள் என்று ஊருக்குச் சொன்னது நான்.

ஏப்ரல் மாதம் ஆதில் என்று ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். அவளுக்குப் புதிதாக வந்த மேனேஜர். ராயப்பேட்டைக்காரன், மரியாதையான பிள்ளை, கையில் ஸ்வீட் பாக்ஸ். கூடவே ஷில்பாவும் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். உங்க பேஜ் சூப்பரா கீது. ஆனா இனிமே எல்லாமே ஆபீஸ்ல இருந்துதான் போகணும்" என்றான்.

ஷில்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள். எவ்ளோ நாள்தான் கஷ்டப்படுவீங்க?" என்றாள்.

நான் கஷ்டப்படுவதாக யாரிடமும் சொன்னதில்லை. வலித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்தை மூட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போய் வேறொன்றைத் தொடங்கினார்கள். அதில் நீல டிக் இருந்தது. என் ஜனங்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

ஆகஸ்டில் அவளுக்கு வலது குதிகால் எலும்பில் மயிரிழை விரிசல். மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகவில்லை. புதிய பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டார்கள்: காயம், விரைவில் திரும்புவேன். எட்டு வருடம் ஒருத்தியைப் பற்றி எழுதியவனுக்கு அந்த இரண்டு வரியைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேச ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒருமுறை பார்க்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

'மயிலைக் குடிமகன்' என்ற கணக்கு என்னுடையது. அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

அதில் ஒரு படம் போட்டேன். எங்கள் சனங்கள் ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு நடந்து போவார்கள். காவி உடை, காலில் செருப்பு கிடையாது. பதக்கம் கிடைத்தால் மகளோடு நடந்து வருவதாகத் தங்கம் நேர்ந்திருந்தாள். அப்படி நடந்தபோது அடையாறு பாலத்தின் மேல் ஷில்பா திரும்பிச் சிரித்தாள். பின்னால் நடந்து வந்த நான் எடுத்தேன். நல்ல படம். படத்துக்கு மேலே இரண்டு வாக்கியம் எழுதினேன். 'போட்டிக்கு வரக் கால் வலிக்கிறது. கோயிலுக்கு வெறுங்காலில் நடக்க வலிக்கவில்லை.'

இரண்டிலும் பொய் இல்லை சார். கால் வலித்தது இந்த வருடம். வெறுங்காலில் நடந்தது போன வருடம். நான் தேதி போடவில்லை. தேதி இல்லாத காகிதத்தை எங்கள் அலுவலகத்தில் நான் வாங்கவே மாட்டேன், எத்தனையோ பெற்றோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த உலகம் வாங்கிக்கொள்கிறது என்றால் அது என் தப்பா?

மறுநாள் காலை பல் தேய்ப்பதற்குள் ஊரே பேசியது. மணல் குழியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாம் குதிகால் நிபுணர் ஆனார்கள். முன்னாள் வீரர் ஒருவர் டிவியில் வந்து, எங்கள் காலத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினோம் என்றார். ஊன்றுகோல் வைத்த செருப்பு என்று ஒரு மீம் வந்தது. நாட்டுக்கு ஆடக் கால் இல்லை, சாமிக்கு நடக்க இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான், அதற்குக் கீழே பதினோராயிரம் பேர் கைதட்டினார்கள். படம் போன வருடத்தது என்று அவள் எழுதினாள், ஆதாரம் கேட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டாள். அதுவும் டூப்ளிகேட் என்றார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. என் பக்கத்திலிருந்து ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினேன். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எழுதினேன். போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள், ஷில்பாவுக்கு இருக்கும் ஒரே குரல் நீங்கள்தான் என்று எழுதினார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த வாரம் வேறு இல்லை.

படம் பழையது என்று எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த அறுபது குடும்பத்துக்கும் தெரியும். நடைப்பயணத்துக்கு வருடா வருடம் புது பேனர் தைப்போம். போன வருடம் நீலம், இந்த வருடம் மஞ்சள். படத்தில் நீல பேனர் இருக்கிறது. போதாததற்கு, இந்த வருடம் ஷில்பா காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய பூட் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியதை அறுபது குடும்பமும் பார்த்தது. எங்கள் தெருவில் ஜெபக் கூட்டம் நடத்தும் மர்சலின் டீச்சர் அன்றே என்னிடம் ஓடி வந்தார்.

"காஸ்பர், இது போன வருசத்து பேனர் ஆச்சே. நாம எல்லாரும் போய் எழுதுவோமா?"

"வேணாம் டீச்சர்" என்றேன். "நாம அறுபது பேர் போய் எழுதினா, கூட்டமா வந்துட்டாங்கன்னு அதை மதச் சண்டையா ஆக்கிடுவாங்க. புள்ளைக்கு இன்னும் கெடுதல். நான் பாத்துக்கினு இருக்கேன் இல்ல? எல்லாரையும் அமைதியா இருக்கச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பயந்தார். பூசைக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். அறுபது குடும்பத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஷில்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பை அன்றுதான் நானே தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமும் ஷில்பாவும் வந்தார்கள். மூன்று மாடி ஏறி வந்திருந்தாள், அந்தக் காலோடு. மெலிந்திருந்தாள்.

"அண்ணே, அந்த போட்டோ நீதானே எடுத்தே" என்றாள் தங்கம். "எவனோ அத்தத் திருடிப் போட்டுக்கீறான். ஒரிஜினல் உன்னாண்ட கீதா? தேதியோட காட்டினா தடகள சங்கத்துல ஒத்துக்குவாங்களாம். ஆதில் தம்பி சொல்லுது."

நான்தான் எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் போட்டேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"போன் மாத்திட்டேன் தங்கம். எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

அடுத்த அறையில் லேப்டாப்பில் இருந்தது. தேதி, நேரம் எல்லாவற்றோடும். கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே எல்லாம் அடங்கியிருக்கும். அவள் ஆதிலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் படி இறங்கியிருப்பாள். அதற்காகவா நான் அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் எழுதினேன்?

ஷில்பா அழவில்லை. "இருபதாம் தேதி செலக்‌ஷன் டிரையல்ஸ் அங்கிள். வரலன்னா இந்தியா கேம்ப்ல பேர் இல்லன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. டாக்டர் இன்னும் ஆறு வாரம் குதிக்கவே கூடாதுன்றாரு. நான் இன்னா பண்றது?"

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். நான் என்ன பண்ணட்டும் என்று, எட்டு வருடமாகக் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"தாண்டிக் காட்டு" என்றேன். "ஒண்ணே ஒண்ணு போதும். அத்தனை வாயும் மூடிடும். அப்புறம் ஆறு மாசம் ஓய்வு எடு."

ஆதில் வேண்டவே வேண்டாம் என்று போனில் கத்தினானாம். கேம்ப் போனால் போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றானாம். அவள் என் பேச்சைத்தான் கேட்டாள். இந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

டிரையல்ஸுக்கு முந்தைய மூன்று நாளும் மயிலைக் குடிமகன் எழுதினான். அவள் வரமாட்டாள், வந்தாலும் தாண்டமாட்டாள், நடிப்புக்கு மணல் எதற்கு என்று. அவள் மனம் மாறிவிடக் கூடாதே என்று எழுதினேன். ரோஷக்காரி, எனக்குத் தெரியும்.

ஆபத்து தெரியாதா என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். தெரியும். டிரிபிள் ஜம்ப்பில் முதல் குதியில் எந்தக் காலால் எழும்புகிறோமோ அதே காலில்தான் இறங்க வேண்டும். ஷில்பா வலது கால். முழு ஓட்டத்தில் வந்து இறங்கும்போது உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் குதிகாலில் விழும். இதைப் படம் போட்டு என் பக்கத்தில் விளக்கியவனே நான்தான்.

அவள் மணலை எட்டவில்லை. முதல் குதியிலேயே விழுந்துவிட்டாள். காய்ந்த மட்டையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தங்கம் வேலியைத் தாண்டி ஓடினாள். ஆதில் ஓடினான். நான் நின்ற இடத்தில் நின்றேன், அசைந்தால் வீடியோ ஆடிவிடும். ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் ஏற்றிவிட்டேன். 'இப்போதாவது நம்புகிறீர்களா' என்று எழுதினேன். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

நடிப்பு என்று திங்கட்கிழமை எழுதியவன் செவ்வாய்க்கிழமை 'சகோதரி, மன்னித்துவிடு' என்று எழுதினான். செருப்பு மீம் போட்டவன் மெழுகுவர்த்தி போட்டான். அந்த முன்னாள் வீரர் டிவியில் கண் கலங்கினார். அவர்களில் ஒருவரையாவது இங்கே கூப்பிட்டு வைத்துக் காகிதம் கொடுத்தீர்களா? நான் எழுதியது இரண்டு வாக்கியம். மிச்சத்தை எழுதியது ஊர். மர்சலின் டீச்சர் நீல பேனரோடு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார், சரி. அறுபது வீட்டின் வாயை மூட ஒவ்வொருவரிடமும் போனது யார் என்று அதில் எழுதியிருக்கிறாரா?

நடப்பாள், தாண்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு என்னுடையது என்று தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் தங்கம் என்னைப் பார்த்து, "இன்னா பாவம் அண்ணே பண்ணோம் உனக்கு?" என்றாள். அடித்திருக்கலாம், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே: படத்தைப் போட்டது நான். அசலை ஒளித்தது நான். எலும்பு முறியும் என்று தெரிந்தே தாண்டச் சொன்னதும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை, எதற்கும் வருத்தமும் இல்லை. ஆதிலின் கம்பெனிக்கு இனி அவளால் ஒன்றும் ஆகப்போவதில்லை, மெல்லக் கழன்றுகொள்வார்கள். மெழுகுவர்த்தி போட்டவர்களுக்கு வேறு யாராவது கிடைப்பார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அப்போது யாரை நினைப்பாள் என்று எனக்குத் தெரியும், எட்டு வருடப் பழக்கம்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் போன் உங்கள் இழுப்பறையில் இருக்கிறது, சாட்சிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப் மட்டும் செய்துவிடாதீர்கள் சார். ஷில்பா கூப்பிடும்போது மணி அடிக்க வேண்டும்.