கஸ்பரின் கேஸும் மெலனியின் வினோத உடையும்

மயூரி, அரசியல் செய்தி பார்க்கும்போது ரீவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பதுதான் முறை. சத்தம் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்போம். சத்தம் இல்லாவிட்டால் அவர்கள் மறைப்பதைப் பார்ப்போம். பொய் சொல்லப்போகிற அரசியல்வாதி தண்ணீர்க் கிளாசைத் தூக்குவான், ஆனால் குடிக்கமாட்டான். கியூபெக்காரன் என்றாலும் நம்முடைய ஆட்கள் என்றாலும் இது ஒன்றுதான். பத்து வருடமாக நான் இப்படித்தான் பார்க்கிறேன், அதனால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நீர் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்து, கஸ்பர் குடும்பத்தின் அகதிக் கேஸில் அந்தப் பிழை எப்படி வந்தது என்று கேட்டீர். கஸ்பரையும் மனைவி யூஜினியையும் மகள் மெலனியையும் வியாழக்கிழமை மாலை விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றும், புதன் மத்தியானத்துக்குள் என் கையெழுத்துக் கிடைத்தால் நீர் வேலை பார்க்கிற கந்தோரின் லோயர் அதை நிறுத்திப்போடுவார் என்றும் சொன்னீர். நீரே ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஐந்து வரி அடித்துக்கொண்டும் வந்தீர். நல்ல ஆங்கிலம்தான். ஆனால் ஒரு விஷயத்தை ஐந்து வரியில் முடிப்பது ரீவிக்காரர் செய்கிற வேலை. நான் யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அரசாங்க லிகிதராக இருந்தவன். முழுதாக எழுதுகிறேன்.

இங்கே கனடாவில் நான் பகலில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் செக்யூரிட்டி. மற்ற நேரத்தில் சனத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பேன். அகதியாக வந்தவன் தன் கதையைத் தமிழில் சொல்வான். நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவன் கையெழுத்துப் போட்ட பிறகு, 'இவருக்கு விளங்கும் மொழியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்' என்று அடியில் நானும் கையெழுத்துப் போடுவேன். இதுவரை அறுபத்தொரு கேஸ். கூலி ஒரு தேத்தண்ணி. கஸ்பருடையதைத் தவிர ஒன்றும் விழவில்லை.

என்னுடைய அடுத்த பொறுப்பு, எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சங்கத்தின் வினோத உடைப் போட்டி. ஊரில் விளையாட்டுப் போட்டியின் கடைசியில் பிள்ளைகள் வேடம் போட்டு வருவார்களே, அதுதான். இங்கே ஹலோவீனுக்கு வெள்ளைப் பிள்ளைகள் பேயாக வெளிக்கிட, நம்முடைய பிள்ளைகளும் ஆளுக்கொரு கறுப்புக் குப்பைப் பையைப் போர்த்திக்கொண்டு மிட்டாய்க்கு அலைந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அந்த வாரச் சனிக்கிழமையில் கீழே பார்ட்டி றூமில் போட்டி வைத்து, எந்தப் பிள்ளைக்கு எந்த வேடம் என்று நானே தெரிவுசெய்து கொடுத்தேன். மெலிந்த பிள்ளைக்கு அரசன் வேடம் போட்டால் முடிதான் நடந்து வரும். வாய்க்காரப் பிள்ளைக்கு மௌன முனிவர் வேடம் கொடுத்தால் கட்டடத்துக்கே நிம்மதி. கேஸும் இப்படித்தான். கதை ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும், தோளில் தொங்கக்கூடாது.

கஸ்பர் குடும்பம் 1995 செப்ரெம்பர் கடைசியில் வந்தது. எங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வீட்டுக்குள் ஓடித்திரிவது என் மனைவி பேபிக்குச் சந்தோஷம். கஸ்பர் ஊர்காவற்றுறைக்காரன், அதிகம் பேசாதவன். அவனுடைய வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. எங்கே போனது என்று கேட்டால், கொழும்பில் பொலிஸ் விசாரிக்கக் கொண்டுபோன நாலாம் மாடியில் என்பான், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டான். யூஜினிதான் பேசுவாள்.

"அண்ணை எழுதினால் கேஸ் விழாதெண்டு சனம் சொல்லுது," என்றாள் முதல் நாளே. "நாங்கள் உங்களைத்தான் நம்பியிருக்கிறம்."

மெலனிக்கு நான் மீன்காரி வேடம் தெரிவுசெய்தேன். கடலோரச் சனத்துப் பிள்ளை, பொருந்தும் என்று நினைத்தேன். தங்கள் பரம்பரையில் ஒருவரும் வலை தொட்டதில்லை, தகப்பனும் தபால் கந்தோர், தானும் தபால் கந்தோர் என்று கஸ்பர் பிறகு சொன்னான். அதற்கு நான் என்ன செய்ய? வேடம் வேடந்தானே. "அவள் தனக்கு விருப்பமானதைத் தானே தெரிவுசெய்யட்டும் அண்ணை," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். நான் இதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை, கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா இல்லையா என்று சர்வசன வாக்கெடுப்பு. எங்கள் கட்டடத்துத் தமிழர் எல்லாருக்கும் அதில் அபிப்பிராயம் இருந்தது, வாக்கு ஒருவருக்கும் இல்லை. பாதிப் பேர், அவர்கள் முதலில் பிரியட்டும், உலகத்துக்குப் பழக்கமாகும் என்றார்கள். மிச்சப் பேர், உடைந்த நாட்டிலிருந்துதான் வந்தோம், இந்த நாடாவது நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கும்வரை முழுதாக இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பகுதியும் எங்கள் ஹோலில்தான் கூடியது, பதினாறு பேர். நான் வழக்கம்போலச் சத்தத்தை நிறுத்திவிட்டு விளக்கம் சொன்னேன். பிரியும், ஐம்பத்தைந்து வீதத்துக்குக் குறையாது என்றேன்.

அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. இராணுவம் நெருங்கிவிட்டதால் யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரை விட்டு மழைக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கஸ்பரின் தாயும் அந்தச் சனத்துக்குள் எங்கேயோ. அவன் ரீவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணை, சத்தத்தை ஒருக்கா விடுங்கோ, எங்கடை செய்தி ஏதும் சொல்லுவாங்களோ தெரியாது," என்றான்.

"இண்டைக்கு அவங்களுக்குத் தங்கடை நாடு உடையுதெண்ட கவலை," என்றேன். "உம்மடை அம்மாவை ஆர் காட்டப்போறான்?"

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கனேடியத் தொலைக்காட்சி அன்று யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, சத்தம் இல்லைத்தானே.

முடிவு வந்தபோது ஒரு வீதம்தான் வித்தியாசம். திரையில் ஒரு கூட்டம் அழுதது. நான், பிரிந்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று விளக்கினேன். உண்மையில் அவர்கள் தோற்றவர்கள். பக்கத்து வீட்டு ரீவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தபடியால், நாடு உடையவில்லை என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் கேட்டது. அப்போது கஸ்பர் வாயைத் திறந்தான்.

"அண்ணை, சத்தம் விட்டிருந்தால் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

பதினாறு பேரும் சிரித்தார்கள். பேபியும் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னேன். நான் கோபப்படவில்லை என்பதற்கு அந்தத் தேத்தண்ணி குடித்தவர்களே சாட்சி.

சனிக்கிழமை போட்டி. மெலனி மீன் கூடையோடு வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னுடைய சாரத்தை உடுத்து, என்னுடைய பனியனையும் கம்பளித் தொப்பியையும் போட்டு, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்தாள். கையில் எங்கள் வீட்டு றிமோட். ஒரு கதிரையில் மட்டைப் பெட்டியில் வெட்டிய ரீவியை வைத்து, அதைப் பார்த்து றிமோட்டை அமத்தினாள். பிறகு சபையைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"சும்மா இருங்கோ, நான் சொல்லுறன். உவை சந்தோசத்திலை அழுகினம்."

குரலும் என் குரல்தான். மண்டபம் சிரித்து முடிய இரண்டு நிமிடம் எடுத்தது. ஒருவர் கதிரையிலிருந்து விழுந்தார். முதற்பரிசு அவளுக்கு, மூன்று நடுவர்களும் ஒரே முடிவு. கோப்பையை என் கையால்தான் கொடுத்தேன், படமும் எடுத்தார்கள். சாரத்தை எடுத்துக் கொடுத்தது பேபி என்று பிறகு தெரிந்தது. வேடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அளவாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையோடு எனக்கு என்ன கோபம்?

மறுநாள் ஞாயிறு, நவம்பர் 5. கஸ்பரின் கேஸ் எழுத வேண்டிய நாள். குசினி மேசையில் இருந்தோம். யூஜினியும் இருந்தாள்.

அவன் சொன்னது இதுதான். 1993 ஜனவரி. யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழி வெளியேற முடியாது, கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். இவர்கள் நால்வர், அவனுடைய தம்பி றிச்சர்டும் சேர்த்து. நடுக்கடலில் நேவி சுட்டது. கரைக்கு வந்து பார்த்தபோது றிச்சர்டின் தலை மெலனியின் மடியில் கிடந்தது. அவன் நித்திரை என்று நினைத்து அவள் அசையாமல் இருந்திருக்கிறாள். கஸ்பர் இதை வானிலை அறிக்கை வாசிப்பவன்போல ஒரே குரலில் சொன்னான். பிறகு கொழும்பு, நாலாம் மாடி, நகங்கள்.

நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: '1993 ஜனவரியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் பயணம் செய்தோம். வழியில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை.'

யாழ்ப்பாணத்துக்கு ரயில் 1990 ஜூனில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் ஓடவில்லை. எங்கள் சனத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். அகதி விசாரணை செய்கிறவர்களின் கோப்பிலும் இருக்கிறது. வேறு கேஸ்களுக்காக அந்தப் பக்கத்தை நானே பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 1993இல் ரயிலில் வந்தேன் என்று சொல்பவன் யாழ்ப்பாணத்தில் இருந்தவனே இல்லை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். நகத்தைப் பற்றி ஒழுங்காகவே எழுதினேன், அதில் நான் கைவைக்கவில்லை. ஆனால் ரயிலை நம்பாதவன் நகத்தை நம்பமாட்டான்.

எழுதி முடித்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழில் வாசித்துக் காட்டினேன். படகை வாசித்தேன், சூட்டுச் சத்தத்தை வாசித்தேன், றிச்சர்டின் தலையை வாசித்தேன். தாளில் அதில் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் வாசித்திருக்க வேண்டும், யூஜினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கஸ்பர் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"நான் சொன்னதை விட வடிவாய் எழுதியிருக்கிறியள் அண்ணை," என்றான்.

அவனுக்குச் சத்தம்தானே வேண்டியிருந்தது. சத்தத்தைக் கொடுத்தேன். அடியில் என் கையெழுத்தையும் போட்டேன்.

அடுத்த ஜூனில் விசாரணை. நான் போகவில்லை, வேலை. யூஜினி வந்து சொன்னாள். கஸ்பர் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் விசாரிக்கிறவர் தாளைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். உம்முடைய வாய் படகு என்கிறது, உம்முடைய கையெழுத்து ரயில் என்கிறது, எங்கள் கோப்போ ரயிலே இல்லை என்கிறது, மூன்றில் எதை நான் நம்ப என்று கேட்டாராம். தம்பி செத்தான் என்று கஸ்பர் கத்தினானாம். அப்படி ஒரு தம்பி இந்தத் தாளில் இல்லையே என்று அவர் அமைதியாகச் சொன்னாராம். நியாயமான கேள்விதான்.

"கந்தோரிலை ரைப் அடிச்ச பெட்டை ஆரோ மாறி அடிச்சிருக்க வேணும், என்ன அண்ணை?" என்று யூஜினி என்னிடம் கேட்டாள். இருக்கும் என்றேன். பேபியைக் கூப்பிட்டு அவளுக்குச் சாப்பாடு போடச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர்கள் ஒரு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மெலனிக்கு நான் பின்னக்கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. அந்த வருடம் அவள் வினோத உடையில் சேரவில்லை, நான் சேரச் சொல்லியும் மாட்டேன் என்றுவிட்டாள்.

இனி உம்முடைய தாளுக்கு வருகிறேன். 'தியாகலிங்கம் ஆகிய நான் கவனக்குறைவால் படகு என்பதை ரயில் என்று எழுதிவிட்டேன்' என்று அடித்திருந்தீர். வாசலில் நின்று, "அங்கிள், இது சும்மா ஒரு சைன் தானே, ஒருத்தரும் உங்களைப் பிழை சொல்லமாட்டினம்," என்றும் சொன்னீர். நீர் சின்னப் பிள்ளை, நல்ல மனம். ஆனால் நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அறுபத்தொரு கேஸ் எழுதியவன், படகுக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஒரு அரசாங்கத் தாளில் என் பெயரோடு கிடந்தால், நாளைக்கு எவன் என்னிடம் கேஸ் கொண்டுவருவான்? அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. உண்மையை எழுதித் தருவதுதான் மரியாதை என்று முடிவெடுத்தேன்.

திங்களும் செவ்வாயும் எழுத வசதிப்படவில்லை. ரீவியில் கட்சித் தலைவர்களின் தேர்தல் விவாதம். செவ்வாய்க்கிழமையுடையது பிரெஞ்சு மொழியில், ஆனாலும் கடைசிவரை பார்த்தேன், எனக்கு எந்த மொழி என்பது பிரச்சினை இல்லை. புதன்கிழமை நீர் ஏழு தடவை தொலைபேசி எடுத்தீர் என்று பேபி சொன்னாள். அப்போது நான் இதன் முதல் பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன், இடையில் எழும்பினால் ஓட்டம் கெட்டுவிடும். நேற்று அதைத் திருத்தினேன். இன்று வெள்ளிக்கிழமை, 1997 மே 16. நேற்று மாலை விமானம் போய்விட்டதாம். பேபி வழியனுப்பிவிட்டு வந்து அவர்களுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், இன்னும் வெளியே வரவில்லை.

நீர் அவசரப்பட்டபடியால்தான் உம்முடைய ஐந்து வரியும் பிழையாக வந்தது, மயூரி. இதில் ஒரு திகதிகூடப் பிழையில்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.