அட்வான்ஸ் அஞ்சலி

— கதவத் தாப்பாப் போடுறா ராம்கி. ஆரப்பாளையம் பூராம் உன்னையத் தேடுறாய்ங்க, நீ லாட்ஜ் ரூமத் தெறந்து வச்சு பரோட்டா திங்கிற.

— பயம் வந்தா எனக்குப் பசிக்கும்ணே.

— ஜெயபாண்டிய நாளைக்குச் சாயங்காலம் கப்பலூர் ரோட்டுல லாரிய விட்டு அடிக்கணும். அதான நம்ம பேச்சு?

— ஆமாண்ணே.

— நாளைக்குச் சாகப்போறவனுக்கு இன்னைக்குக் காலையிலயே அலங்காநல்லூர் முக்குல எப்புடிடா கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் தொங்குது?

— சத்தியமா நான் கட்டச் சொல்லலண்ணே. ஃப்ளெக்ஸ் கடையில இருந்து டிசைன என் நம்பருக்கு அனுப்புனாய்ங்க, ஓகே சொன்னேன். அடிச்சு வைங்க, நாளான்னைக்கு வாங்கிக்கிறேன்னேன். சாவு ஃப்ளெக்ஸுன்னதும் மை காயுறதுக்குள்ள கட்டிப்புட்டாய்ங்க. சாவு ஃப்ளெக்ஸ எவன்ணே கடையில வச்சுக்கிருவான்?

— அத எதுக்குடா முன்னாடியே அடிச்ச?

— செத்தப்புறம் போனா வரிசையில நிக்கணும்ணே. மொத ஃப்ளெக்ஸ் நம்மளதா இருந்தா நம்ம மேல சந்தேகம் வராது. அழுகுறவன எவன் புடிப்பான்?

— ம். யோசனை நல்ல யோசனைதான்.

— ஜெயபாண்டி அண்ணன் பாத்துட்டாராண்ணே?

— அதுக்குக் கீழ நின்னுதாண்டா டீ குடிச்சிருக்கான்! டீ ஆத்துறவன் இவன் மூஞ்சியப் பாத்துட்டு கிளாஸக் கீழ போட்டுட்டான். இங்கிட்டு வீட்டுல மாலையும் கையுமா ஆளுக வந்து எறங்கிருச்சு. அவன் பொண்டாட்டி சுபலட்சுமி தெருவுல உருண்டு அழுகுது, இவன் புல்லட்டுல போயி எறங்குறான்.

— ஹி...

— சிரிச்ச, வகுந்துருவேன். ஃப்ளெக்ஸ்ல கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?

— நாந்தாண்ணே.

— முத்துப்பாண்டின்னு என் பேரு?

— போடலண்ணே. லாரி ஷெட்டுல உங்களுக்கும் அவருக்கும் தகராறுன்னு ஊருக்கே தெரியும்ல. அம்புட்டு வெவரம் எனக்கு இருக்குண்ணே.

— எவங்கிட்டயாச்சும் வாய விட்டியா?

— என் பொண்டாட்டி நாகஜோதிக்கே தெரியாது. உங்களுக்கும் எனக்குந்தான்.

— எனக்கும் உனக்கும்.

— என்னண்ணே அப்புடிப் பாக்குறீங்க?

— ஜெயபாண்டி போன் போட்டான். ‘கூட்டாளி, எனக்கு நாள் குறிச்சவன் எவன்னு இன்னைக்கே சொல்லு. சொல்லலைன்னா நீதான்னு முடிவு பண்ணிருவேன்’ங்கிறான்.

— காட்டிக்குடுத்துராதீங்கண்ணே! நாகஜோதி மாசமா இருக்கு.

— பொறு, பொறு. பேசுற வாயோட உன்னைய அவங்கிட்ட விட மாட்டேன். திருப்பூருல பனியன் கம்பெனியில சேத்து விடுறேன். கார்டு போட போட்டோ கேக்குறாய்ங்க. இப்புடி ஜன்னல் பக்கம் நில்லு.

— இந்த மூஞ்சியோடயாண்ணே?

— தொடச்சுக்க. லேசாச் சிரி.

— வரமாட்டேங்குதுண்ணே.

— பொறக்கப்போற புள்ளைய நெனச்சுக்க. ஆங். நல்லா இருக்க மாப்ள.

— அனுப்பிட்டீங்களா?

— இந்தா, போயிருச்சு. மிச்ச பரோட்டாவத் தின்னுபுட்டுக் கெளம்பு. கீழ கார் நிக்கிது. வாடிப்பட்டி தாண்டி வயக்காட்டுப் பக்கமாப் போயிருவோம்.

— இந்தா இருக்கு பஸ் ஸ்டாண்டு. பஸ்ஸுலயே போயிருறேண்ணே.

— பஸ்ஸுல பாத்துருவாய்ங்கடா. கைய மெதுவாக் கழுவு, அவசரமில்ல.

— நாகஜோதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிறேண்ணே. பாவம், தேடும்.

— நான் சொல்லிக்கிறேன். போன ஆஃப் பண்ணு.

— பொறுங்கண்ணே, வாட்ஸ்அப் வருது. ஃப்ளெக்ஸ் கடை.

— அவன் எதுக்கு உனக்கு அனுப்புறான்?

— கம்ப்யூட்டருல புதுப்பய இருக்கான்ணே. முத்துப்பாண்டி செட்டுன்னா என் நம்பருதான் அவனுக்குத் தெரியும். ‘முத்துப்பாண்டி அண்ணன் அவசரம்னு சொன்னாரு, போட்டோவுக்குத்தான் வெயிட்டிங், இப்பத்தான் வந்துச்சு. ஓகேன்னா அடிச்சிரலாமா’ங்கிறான்.

— போனக் குடுறா.

— யாருக்குண்ணே அஞ்சலி?

— குடுன்னா குடு!

— அண்ணே... சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். பின்னாடி இந்த ஜன்னல் தெரியுது.