ஆள்காட்டியின் நான்கு முட்டைகள்

அன்று குளத்துக்குள் இருந்தவர்கள்: நான், என் மச்சான் மிக்கேல்ராஜ், ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவிகள், நான்கு முட்டைகள். அக்கா மரியசெல்வி பிறகுதான் வந்தாள்.

காலேஜைப் பாதியில் விட்டவன் நான். ரெட்டியார்சத்திரம் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட். விடிந்து வந்தால் தூக்கம் பிடிக்காது; வீட்டுக்குப் பின்னால் குளத்தில் உட்கார்ந்து பறவை பார்ப்பேன், பார்த்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். பங்குனியில் தண்ணீர் நடுக்குழிக்கு ஒடுங்கியதும் காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடும். கூடு கிடையாது, சரளைக்கு நடுவே ஒரு பள்ளம்தான். வெயில் ஏறினால் தாய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். உட்கார விடாவிட்டால் முட்டை வெந்துபோகும். அன்று இருபத்தைந்தாம் நாள். இன்னும் மூன்று நாளில் பொரித்துவிடும்.

மச்சான் டிராக்டரோடு தனியாக வந்தார். வண்டலைத் தானே வெட்டி ஏற்றுகிற ஆள்.

"மூணு நாளு பொறுங்க மச்சான்."

"ஏலே, குருவிக்கா வாக்கப்பட்டிருக்க?" சிரித்தார். ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டினார். "கூமுட்டை மாப்ள. உன்னைய மாதிரியே."

அந்தப் பேச்சுக்காக நான் அடிக்கவில்லை, சார். தாய் தலைக்கு மேல் கத்திச் சுற்றியது, மணி பத்தரை ஆகியிருந்தது. முதலில் முட்டையை வாங்கி, கூர்முனை உள்ளே பார்க்கும்படி வைத்தேன். பிறகுதான் அவருடைய மண்வெட்டியை எடுத்துப் பின்மண்டையில் போட்டேன். விழுந்தவர் முனகினார். ஆள் சத்தம் கேட்டால் குருவி இறங்காது. சத்தம் நிற்கும்வரை போட்டேன், ஏழு தடவை. காலைப் பிடித்து இழுத்துப்போய், கரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மோட்டார் ரூமில் கிடத்தினேன். பதினொரு நிமிடத்தில் குருவி வந்து உட்கார்ந்தது. நேரம் நோட்டில் இருக்கிறது.

உச்சிப்பொழுதில் அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். "டிராக்டர் நிக்கிது, உங்க மச்சான் எங்க அப்பு?"

"மோட்டார் ரூம்ல படுத்திருக்காரு."

அது பொய் இல்லை.

"இந்த வெயிலுக்கு அந்தத் தகரத்துக்கு அடியிலயா? கிறுக்குப் பிடிச்ச மனுசன்."

நானும் கூடவே போனேன். அக்கா என்றால் எனக்கு உயிர். அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை, அன்றும் வைக்கவில்லை. ஆனால் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடுவாள், குளத்தில் கூட்டம் கூடும். உள்ளிருந்து கத்தினால் குளம்வரை கேட்காது. சட்டியில் சோறும் இருந்தது. மூன்று நாள்தானே என்று, அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினேன்.