பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும்

இல்லம்மா, என் பேரை எழுதாத. எழுதிட்டியா? அப்ப அடிச்சிடு. கமிட்டியும் வேணாம், கூட்டமும் வேணாம். மைதானத்தைத் திரும்பப் புதுசு பண்றீங்களா, தாராளமா பண்ணுங்க. மக்கள் கருத்தைக் கேட்டுப் பண்றோம்னு சொல்ற பாரு, அங்கதான் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.

சரி, உள்ள வா. வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு. அந்தத் துணியைத் தள்ளி வச்சிட்டு உக்காரு, துவைச்சதுதான். இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன், மடிக்க நேரமில்ல. நர்ஸ்தாம்மா. பத்தொன்பது வருஷம் ஆச்சு, அதுல ஒன்பது வருஷமா நைட் டூட்டி. ஊர் எந்திரிக்கிறப்ப நான் படுக்கணும். எங்க வீட்டுக்காரர் அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டுறவரு, ஒரு காது முழுசாப் போச்சு. அந்தக் காதை மேல வச்சுப் படுத்தாருன்னா இடியே விழுந்தாலும் அசைய மாட்டாரு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

நீ வேலைக்குச் சேந்து எத்தனை மாசம்? நாலா? அப்ப உனக்குப் போன தடவை நடந்தது தெரிஞ்சிருக்காது. இங்க வந்து ஜன்னல் வழியா பாரு. அந்த செவப்பு ரப்பர் தரை, அதுக்கு முன்னாடி வெறும் மண்ணுதான். ஒரு ஊஞ்சல், ஒரு இரும்புச் சறுக்குமரம், ஓரத்துல பெரிய சிமெண்ட் குழாய் ஒண்ணு. குழாய் எதுக்கு வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைங்களுக்கு அதுதான் வீடு, கடை, ரயில் எல்லாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை உங்க கார்ப்பரேஷன் ஆபீஸ்லேருந்து டிசைன் போடுற சார் ஒருத்தர் வந்தாரு. கீழ கார் நிறுத்துற இடத்துல சார்ட்டா ஒட்டி, ஆளுக்குக் கொஞ்சம் ஸ்டிக்கர் குடுத்தாரு. பிடிச்சதுக்குப் பச்சை, பிடிக்காததுக்குச் சிவப்பு. பாதிப் பேர் பிஸ்கட் சாப்பிட வந்தவங்க. மூணாம் மாடி அக்கா, தான் நடக்குறதுக்குச் சுத்தி வர நடைபாதை வேணும்னாங்க, லைட்டோட. ரெண்டு கார் வச்சிருக்கிற ஒருத்தர், நாங்க கார்க்காரர்னுதான் சொல்லுவோம், பாதி இடத்தை பார்க்கிங் ஆக்கிடுங்கன்னாரு. அது மைதானம் சார்னு சொன்னதுக்கு, சரி, அப்ப நல்ல உயரமா வேலி போட்டு மேல கூரா முனை வைங்க, எவனும் ஏறக் கூடாதுன்னாரு. முதல் மாடியில பூகோள வாத்தியார், ரிடையர் ஆனவரு. மண்ணுலேருந்து வர்ற தூசி நுரையீரலுக்கு ஆகலைன்னு ஆரம்பிச்சு, கண்ட கண்ட பிள்ளைங்க வந்து சேருதுங்கன்னு முடிச்சாரு. எவ்வளவு படிச்ச மனுஷன். எனக்கு அவரு மூஞ்சியைப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு.

அந்தக் கண்ட கண்ட பிள்ளைங்க யாருன்னு கேக்குறியா? பின்சந்துப் பிள்ளைங்கதான். அங்க எல்லாம் ஒத்தை அறை வீடு. அதுங்க போற பள்ளிக்கூடத்துல ரெண்டு ஷிஃப்ட்டு, காலைல போறதுங்க பதினொன்னே முக்காலுக்கே வந்துடும். அம்மாக்கள் வேலை முடிஞ்சு வர நாலு மணி ஆகும். நடுவுல இருக்கிற நேரத்துக்கு இந்த மைதானம்தான்.

அன்னைக்குக் கூட்டத்துக்கும் வந்திருந்துச்சுங்க, பின்னாடி தூண் ஓரமா நின்னுக்கிட்டு. யாரும் எதுவும் கேக்கலை. அதுல ஒரு பொண்ணு, ஒன்பது வயசு இருக்கும், ஒல்லிக்குச்சி. எதுலயாவது ஏறிக்கிட்டே இருக்கும், அதனால குருவின்னு கூப்பிடுவாங்க. கீழ கிடந்த பச்சை ஸ்டிக்கர் ஒண்ணை எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டுச்சு. சார் அதைப் பாத்துட்டு, வேஸ்ட் பண்ணக் கூடாதும்மான்னு சொல்லி எடுத்துட்டாரு. அவரும் மோசமானவர்னு சொல்ல மாட்டேன். அவருக்கு எல்லாத்தையும் எண்ணணும், அவ்வளவுதான்.

கூட்டத்துல பேசக் கூச்சப்படுறவங்க எழுதிப் போடலாம்னு ஒரு பெட்டியும் வச்சிட்டுப் போனாரு. தபால் பெட்டிங்க இருக்குல்ல கீழ, அதுக்குப் பக்கத்துல. ஒரு கட்டுத் தாள், நூல்ல கட்டின பேனா. பேரு வேணாம், வீட்டு நம்பர் மட்டும் போட்டாப் போதும்னாங்க. பத்து நாள் தொங்குச்சு.

மூணு மாசத்துல எல்லாம் வந்துடுச்சு. ரப்பர் தரை, மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்கு, சுத்தி இரும்பு வேலி. கார்க்காரர் கேட்ட மாதிரியே முனை, வேல் கணக்கா. குழாயை லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ரப்பர் இருக்கே, வெயில்ல அது அடுப்புக்கல்லு மாதிரி. செருப்பு இல்லாம கால் வைக்க முடியாது. அப்புறம் கேட்டு. கேட்டுல ஒரு போர்டு, குடியிருப்போர் கேட்டுக்கொண்டதற்கிணங்க நண்பகல் பன்னிரண்டு முதல் மாலை நான்கு வரை பூட்டப்படும்னு.

ஆமாம்மா, அந்தப் பிள்ளைங்களுக்கு இருந்த நேரம் அது ஒண்ணுதான். அதைத்தான் பூட்டினாங்க.

முதல் வாரம் கேட்டுக்கு வெளியில வரிசையா உக்காந்திருந்துச்சுங்க. சண்டையும் போடலை, கல்லும் எறியலை. உள்ளே இருக்கிற ஊஞ்சலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். மூணாம் மாடி அக்கா, ரோடு பூரா அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்கன்னு சலிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது வாரம் ஏற ஆரம்பிச்சுடுச்சுங்க. ஏறாம என்ன பண்ணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ரெண்டு மணி இருக்கும். நான் தூங்கிக்கிட்டிருந்தேன். கத்தின சத்தம் எதுவும் கேக்கலை. பிள்ளைங்க ஓடுற காலடிச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் திடீர்னு ஒண்ணுமே கேக்கலை. அந்த அமைதியிலதான் முழிப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கு அது தெரியும். ஜன்னல்ல பாத்தா, குருவி வேலி மேல தொங்குது. காலு வழுக்கியிருக்கு, வலது உள்ளங்கையில முனை ஏறி மறுபக்கம் வந்துடுச்சு.

எப்படி இறங்கிப் போனேன்னு தெரியலை. யாரோ பிடிச்சு இழுக்கப் போனாங்க, தொடாதீங்கன்னேன். இழுத்தா கையே போயிடும். பெயின்ட் டின் ஒண்ணைக் கவுத்துப் போட்டு மேல ஏறி, பிள்ளையைத் தோள்ல தாங்கிக்கிட்டேன். பாரம் கையில விழக் கூடாது பாரு. தீயணைப்புக்காரங்க வந்து கம்பியை அறுக்குற வரைக்கும் அப்படியே நின்னேன். நாப்பது நிமிஷம். எடையே இல்லம்மா அதுக்கு. என் கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. அழுகையெல்லாம் ஓஞ்சதுக்கப்புறம் மெதுவாக் கேட்டுச்சு, ஆன்ட்டி, நீங்க தூங்கலையான்னு.

நான் பகல்ல தூங்குவேன்னு அதுங்களுக்குத் தெரியும்மா. இந்த ஜன்னல் பக்கம் வர்றப்ப உஷ் உஷ்னு சொல்லிக்குமாம். அதுவும் அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். பிள்ளைங்க உஷ்னு சொல்ற சத்தமே ஊருக்குக் கேக்கும், அது வேற.

தண்ணி வேணுமா? இல்லையா? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே உனக்கு, அதான் கேட்டேன்.

கீழ எங்க ஆளுங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு கேளு. ரெண்டு பேர் போன்ல படம் எடுத்தாங்க. கார்க்காரர், பூட்டியிருக்கும்னு போர்டு இருக்கே, படிக்கத் தெரியாதான்னு கேட்டாரு. கேட்டுக்கிட்டே தன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாரு, தீயணைப்பு வண்டி உரசிடுமாம். சீ. இவங்களோட ஒரே மாடிப்படியில ஏறி இறங்குறேன் பாரு நான்.

அடுத்த வாரம் உங்க பெரிய அதிகாரியே வந்தாரு. பின்சந்து ஆளுங்களும் வந்திருந்தாங்க. அன்னைக்கு யார் கையிலயும் பிஸ்கட் இல்ல. யாரு பூட்டச் சொன்னதுன்னு குருவியோட அம்மா கேட்டாங்க. குரலை உயர்த்தக்கூட இல்ல. ஹோட்டல் சலவையில படுக்கை விரிப்பு தேய்க்கிறவங்க, வேலையிலேருந்து நேரா வந்திருந்தாங்க. அதிகாரி பெட்டியில வந்த தாளையெல்லாம் தூக்கிக் காட்டினாரு. மொத்தம் இருபத்தாறு தாளு, அதுல பதினாலு பேர் மத்தியானம் பூட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க, பெரும்பான்மை, நாங்க என்ன பண்ண முடியும்னாரு.

அப்ப பாக்கணுமே எங்க கட்டடத்தை. நான் எழுதலை, நான் எழுதலைன்னு ஒவ்வொருத்தரும். வாத்தியார், நான் தூசியைப் பத்தித்தான் எழுதினேன்னாரு. மூணாம் மாடி அக்கா, நடைபாதை தவிர ஒரு வார்த்தை எழுதலைன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணாங்க. கார்க்காரர், நான் தாளைத் தொடவே இல்லைன்னாரு. பின்சந்து ஆளுங்க நம்பலை. ஒருத்தர் தரையில காறித் துப்பிட்டுப் போனாரு. அன்னையிலேருந்து அந்தச் சந்துல எங்க கட்டடத்து ஆளுங்க யாருக்கும் முகம் குடுத்துப் பேசுறதில்ல.

என்னைத் தவிர. என்கிட்ட மட்டும் பேசுவாங்க.

கை? ஆறிடுச்சு. ஆனா ரெண்டு விரல் மடங்காது. பேனாவை இடது கையில பிடிச்சுப் பழகிக்கிட்டிருக்கு. மூணு மாசம் நான்தான் கட்டு மாத்தினேன், அவங்க வீட்டுக்கே போயி. உள்ள போனா கட்டிலும் அடுப்பும்தான், நிக்க இடம் கிடையாது. அந்த இடத்துல ஒரு பிள்ளை மத்தியானம் பூரா என்ன பண்ணும்னு அதுக்கு முன்னாடி நான் ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. அவங்க அம்மா இருக்காங்களே, என்னை ரோட்டுல எங்க பாத்தாலும் பையைக் கீழ வச்சிட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்குவாங்க. சலவைச் சூட்டுல உள்ளங்கை காய்ச்சுப் போன கை. நீங்க இல்லைன்னா என் பொண்ணுக்குக் கையே இல்லைன்னுவாங்க. எனக்கு அந்தக் கையை உதறிட்டு ஓடணும் போல இருக்கும்.

கமிட்டியில என் பேரைப் போடச் சொன்னதும் அவங்கதானே? நீ சொல்லலைன்னாலும் தெரியும். அந்தக் கட்டடத்துல மனுஷின்னு ஒருத்தி இருக்கான்னா அவதான்னு எழுதியிருப்பாங்க.

அடக்கம் எல்லாம் இல்லம்மா. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட.

நான் இவ்வளவு நேரம் இவங்களைத் திட்டினேன்ல. கூரு முனை கேட்டவர், நடைபாதை கேட்டவங்க, எல்லாம் நிஜம்தான். ஆனா பூட்டு விஷயத்துல அவங்க பொய் சொல்லலை. அவங்க எழுதலை. பெட்டி வச்ச மூணாவது நாள் காலைல நான் டூட்டி முடிஞ்சு வந்தேன். அன்னைக்கு வார்டுல ரெண்டு பேர் போயிட்டாங்க. படுத்துக் கண்ணு அசர்றப்ப மத்தியானம், இந்தப் பிள்ளைங்க சத்தம். ரயில் விடுதுங்க குழாய்க்குள்ள. எந்திரிச்சுக் கீழ போயி, அந்தத் தாள்ல பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் பூட்டுங்கன்னு எழுதினேன். ஒரு தாளை யார் மதிப்பாங்கன்னு தோணுச்சு. இன்னொண்ணு எழுதினேன், எதிர் வீட்டு நம்பர் போட்டு. அப்புறம் மேல் வீடு. வாத்தியார் வீடு, கார்க்காரர் வீடு. இன்னும் மூணு வீடு, அதோட காலியாக் கிடந்த மூணு வீட்டுக்கும் சேத்து.

பதினாலுல பதினொண்ணு நான் எழுதினதும்மா. கையெழுத்தைக்கூட மாத்தி எழுதலை. தூக்கக் கலக்கத்துல அது தோணவே இல்ல. பதினொண்ணும் ஒரே எழுத்து, ஒரே வாக்கியம். உங்க ஆபீஸ்ல மூணு மாசம் வச்சு எண்ணியிருக்காங்க, ஒருத்தர்கூட படிச்சுப் பாக்கலை.