ஒன்றரைச் சுற்று

டீசல் கார் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் நான் ஒன்று சொல்வேன். தூரம் ஓடி வந்ததும் சட்டென்று சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, டர்போவை ஆறவிடுங்கள். யாரும் கேட்பதில்லை. ஷைஜா டீச்சர் மட்டும் கேட்டார். என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி நல்ல பிள்ளையாகக் காத்திருந்துவிட்டுத்தான் இறங்குவார்.

என் பெயர் சுயம்புராஜ். புதுக்கடை என்ற ஊரில் ஒர்க்‌ஷாப். வழியில் நின்றுபோகும் கார்களை ஏற்றிவர சொந்தமாக ஒரு ரெக்கவரி வண்டியும் உண்டு. டீச்சருக்கு மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் அப்பா ஜேசுதாஸ் சார், இதய நோயாளி. பெரியவரைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்வரத்தான் அந்தப் பழைய காரை வாங்கினார்கள். இது எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

முதல் தடவை டர்போ உண்மையாகவே கெட்டிருந்தது. விசில் சத்தம், நீலப் புகை, மேட்டில் இழுவை இல்லை. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் நின்றுபோன காரை ஏற்றி வந்தேன். டீச்சர் ரெக்கவரி வண்டியில் என் பக்கத்து இருக்கையில் வந்தார். என் மனைவி இறந்தபிறகு அந்த இருக்கையில் கயிறும் ஸ்பானரும்தான் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, வகுப்பில் ஒரு பையன் அடித்த கூத்தைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்தது எனக்கே புதுசாக இருந்தது.

டர்போவை மாற்றினேன். சுத்தமான வேலை. ஆனால் வேலை நன்றாக இருந்தால் ஆள் திரும்பி வருவதில்லை, அதுதான் எங்கள் தொழிலில் உள்ள கஷ்டம். அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயின் கிளிப்பை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திவிட்டேன். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் மிதித்தால் குழாய் விலகிக் காற்று வெளியே போய்விடும். நடந்துபோகிறவன் காரை முந்திவிடுவான். டர்போவுக்கு ஒருமுறை கெட்ட பெயர் வந்துவிட்டால் அப்புறம் எல்லாப் பழியும் அதற்குத்தான்.

அப்படிச் சில தடவை கூப்பிட்டார். மண்டைக்காட்டுக் கோயில் கொடைவிழா சமயத்தில் ஒருமுறை, கூட்டத்துக்குள் ரெக்கவரி வண்டி மாட்டிக்கொண்டது. டீச்சர் டப்பாவைத் திறந்து மரச்சீனிக் கிழங்கில் பாதியை எனக்குத் தந்தார்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன செய்வேன் அண்ணே?"

வெட்கமாக இருந்தது. அன்றைக்கே கிளிப்பை இறுக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். போன் வந்தது.

"அண்ணே, குழித்துறைப் பாலம் தாண்டி மேட்டுல நிக்கேன். வண்டி இழுக்க மாட்டேங்கு. அப்பா பின்னால கெடக்காவ. நெஞ்சு வலிக்குன்னு சொல்லுகாவ. ஆம்புலன்ஸ விளிக்கட்டா?"

"வேண்டாம் டீச்சர். அது வாறதுக்குள்ள நான் வந்திருவேன். அங்கயே நில்லுங்க."

ஆம்புலன்ஸ் வந்தால் டீச்சர் அதில் ஏறிப் போய்விடுவார். நின்ற காரை அங்குள்ள ஒர்க்‌ஷாப்காரன் எவனாவது திறந்து பார்ப்பான். இந்த இரண்டும் என் மனதில் ஓடின. பெரியவரும் நினைவில் வந்தார், மூன்றாவதாக.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு ஆட்டோ நின்றது. அதன் டிரைவருக்கு எரிச்சல்.

"நானும் ஏறுங்க ஏறுங்கன்னு சொல்லுகேன். அண்ணன் வருவாவன்னு கேக்கவே மாட்டேங்காவ."

அந்த ஆட்டோக்காரரைப் போகச் சொன்னது நான்தான்.

என் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எப்போதும் இருக்கும். பானட்டைத் திறந்து, குழாயைச் செருகி, கிளிப்பை இறுக்கியிருந்தால் கார் உடனே கிளம்பியிருக்கும். ஆனால் டீச்சர் பக்கத்திலேயே நின்றார். இவ்வளவுதானா என்று கேட்டிருப்பார். முந்தைய தடவைகளும் இவ்வளவுதானா என்று அப்புறம் யோசித்திருப்பார். டர்போ போய்விட்டது என்றேன். பெரியவரை ரெக்கவரி வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். பிறகு காரை மேலே ஏற்றிச் சங்கிலி கட்டினேன். அந்த அவசரத்திலும் கட்டியதில் குறை வைக்கவில்லை.

களியக்காவிளையில் நெரிசல். ஜேசுதாஸ் சாரின் தலை என் தோளில் சாய்ந்தது.

"அப்பா, அண்ணன் வந்தாச்சு. இனி பயம் இல்ல" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாநில எல்லையைத் தாண்டும்போது தோளில் கனம் கூடியது. எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சருக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் டீச்சர் என்னைக் காட்டி, "இந்த அண்ணன் மட்டுந்தான் ஓடி வந்தாவ" என்றார். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. உதறிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

நான் குற்றவாளிதான். அந்தத் தோளில் துண்டு போட்டால்கூடப் பெரியவரின் கனம் தெரிகிறது. அடக்கம் முடிந்து வந்ததும் முதல் வேலையாகக் கிளிப்பை இறுக்கினேன். காரை விற்றுவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னபோது, வேண்டாம், இனிமேல் தொந்தரவு தராது என்றேன். தரவும் இல்லை. அவரிடமிருந்து போனும் வரவில்லை.

நேற்று ஆயில் மாற்ற வந்தார். டர்போ ஆறும்வரை காத்திருந்து இறங்கினார். மெலிந்துபோயிருந்தார். அப்பா இல்லை, கணவர் கடலுக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டில் பேசக்கூட ஆளில்லை. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். இனி அவருக்குத் துணையாக இருப்பதுதான் நான் செய்யக்கூடிய பரிகாரம். துணைக்குப் போய் நிற்க வேண்டுமென்றால், முதலில் அவர் கூப்பிட வேண்டுமே.

இந்தத் தடவை ஒரு சுற்றுதான் தளர்த்தியிருக்கிறேன்.