அரைத்திருகு அண்ணன் விட்டுப்போன ஆறாவது கம்பி

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பாட்டு டீச்சர் அம்மா அவர்களே, முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற எங்க அண்ணி, அண்ணனோட மக, அவ கூட வாசிக்கிற பிள்ளைங்க, கடைத்தெரு சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசினவங்க எழுதி வச்சுப் படிச்சாங்க. எனக்கு எழுத்து வராது. நான் லேத்துல இரும்பு கடையிறவன். என் பட்டறைக்கும் அண்ணனோட கிட்டார் ரிப்பேர் கடைக்கும் நடுவுல பதினெட்டு வருஷமா ஒரே ஒரு சுவர்தான். அதனால கொஞ்சம் சொல்லத் தெரியும். சுத்தி வளைச்சுத்தான் வருவேன், பொறுத்துக்குங்க.

அவருக்கு அரைத்திருகுன்னு ஏன் பேரு வந்துச்சு? எந்த ஸ்க்ரூவையும் ஒரே மூச்சுல அரைச்சுத்துக்கு மேல திருக மாட்டாரு. திருகுவாரு, ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைப்பாரு, காது குடுத்துக் கேப்பாரு. மறுபடி அரைச்சுத்து. "அண்ணே, இப்படித் திருகினா என்னிக்கு முடியும்?"னு ஒருநாள் கேட்டேன். "ஏன் லேத்து, இரும்பைக் கூடுதலா கடைஞ்சிட்டா நீ என்ன பண்ணுவ?"ன்னாரு. "தூக்கிப் போட்டுட்டு வேற துண்டு எடுப்பேன்." "நான் யாரைத் தூக்கிப் போடுறது?"

எங்க வீட்டுக் குழாயைக்கூட அப்படித்தான் திருகினாரு. என் சம்சாரம் குடத்தை வச்சுக்கிட்டு அரைநாள் நின்னா. அது கிடக்கட்டும், குழாய் கதை இப்ப எதுக்கு?

சட்டைக் கதைதான் சொல்லணும். ஒருத்தர் கிட்டாரைக் கொண்டு வந்து, "உள்ள ஏதோ கிர்ருங்குது"ன்னாரு. ரெண்டு நாளா அண்ணன் மேசையில வச்சுக் கழட்டுறாரு, மாட்டுறாரு, ஒரு சத்தமும் இல்ல. மூணாம் நாள் அவரையே கூப்பிட்டு, "உங்க கையில பிடிச்சு வாசிங்க"ன்னாரு. கிர்ருன்னுச்சு. என்னன்னு பார்த்தா, அவரோட சட்டைப் பித்தான் கிட்டார் முதுகுல உரசுது. "கிட்டார் நல்லாருக்கு. நீங்க தையக்கடைக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டாரு. அன்னையிலிருந்து யார் வந்தாலும் முதல் பேச்சு இதுதான்: "கையில பிடிச்சுக் காட்டு." வாசிக்கிற ஆளு கையில வச்சுப் பார்க்காம நோய் தெரியாதும்பாரு.

ஊருக்கெல்லாம் அப்படிப் பார்த்த மனுஷன், சொந்த மக கிட்டாரை எப்படிப் பார்த்தாரு தெரியுமா? மேசையில படுக்க வச்சு.

பாப்பா வாசிக்கிறது கரண்ட் கிட்டார். அந்தப் பிள்ளைங்க சுதியை ரொம்ப இறக்கி வச்சு, தரை அதிர்ற மாதிரி வாசிக்கும். என் சுவத்துல மாட்டின அளவுகோலே ஆடும். அதுல ஒரு கோளாறு. சும்மா தட்டினா சுதி சரியா இருக்கு. விரலை மேல கொண்டுபோய்க் கம்பியை அழுத்தினா சுதி ஏறிடுது. சேடில்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு மேலதான் கம்பி கடைசியில உட்காரும். ஒரு ஸ்க்ரூவைத் திருகி அதைப் பின்னாடி தள்ளினா கம்பி நீளும், ஏறின சுதி இறங்கும். மூணு தடவை தள்ளி வச்சுக் குடுத்தாரு. மூணு தடவையும் பாப்பா திரும்பி வந்தா.

"அப்பா, இன்னும் ஏறுதுப்பா."

"சுதி பார்க்கிற மீட்டர் சரியாத்தானே காட்டுது? உன் கைதான் முரட்டுக் கை."

"அப்ப என் காதும் பொய்யா?"

"இருக்கலாம்."

கிட்டாரை அங்கேயே வச்சுட்டுப் போயிட்டா. நாலு மாசம் கடைப்படி மிதிக்கல. நான் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

போன மாசம் ஒரு அரம் கேட்டு என் பட்டறைக்கு வந்தாரு. நான் வாய் சும்மா இல்லாம, "அண்ணே, அவ நின்னுக்கிட்டு ஓங்கி அடிக்கிறா. நீங்க பூவைத் தொடுற மாதிரி தொட்டுப் பாக்குறீங்க. ஒரு ஷாஃப்டை நான் சும்மா சுத்த விட்டுப் பார்த்துக் குடுத்தா வாங்குறவன் விடுவானா? பாரம் ஏத்திப் பார்க்கச் சொல்ல மாட்டான்?"னு கேட்டுட்டேன்.

அரத்தை வாங்கிக்கிட்டு நேரா கடைக்குப் போனாரு. நானும் பின்னாடியே போனேன். பாப்பா கிட்டாரை எடுத்துப் பட்டையைத் தோள்ல மாட்டி, மக அடிக்கிற மாதிரி அடிச்சாரு. மீட்டர் முள்ளு ஒரு பக்கமா ஓடுச்சு. கம்பியைக் கழட்டி விரல்ல சுத்திப் பார்த்தாரு. "லேத்து, பாப்பா பத்து வயசுல விரல் சிவந்துபோச்சுன்னு அழுதா. அப்போ மெல்லிசுக் கம்பி மாட்டினேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குன்னா என் கை அதையேதான் எடுக்குது"ன்னாரு.

"இப்போ பாப்பாவுக்கு என்ன வயசுண்ணே?"

"இருபத்தாறு."

சுதியை அவ்வளவு இறக்கினா மெல்லிசுக் கம்பி துணி காயப்போடுற கொடி மாதிரி தொளதொளன்னு ஆயிடும். அடிச்சாலும் ஏறும், அழுத்தினாலும் ஏறும். மெதுவா தொட்டுப் பார்த்தா மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? ஓங்கி அடிக்கிறவ காதுக்குத்தானே தெரியும்?

மறுநாளே கனமான கம்பி மாட்டினாரு. தலைப்பக்கத்துப் பள்ளத்துல கம்பி உட்காரல, ராவிப் பெருசாக்கினாரு. அந்த அரம் இன்னும் என்கிட்ட திரும்பி வரல, அது வேற. சேடில் பின்னாடி போக வழியில்லாம அதோட ஸ்க்ரூவுல இருக்கிற ஸ்ப்ரிங் இடிச்சுது, நான் குறுக்கி வெட்டிக் குடுத்தேன். அஞ்சு கம்பி முடிஞ்சுது. ஆறாவது, இருக்கிறதுலயே தடிச்ச கம்பி. அதை மாட்டினதோட சரி, அதோட சேடில் ஸ்க்ரூவை மட்டும் தொடல.

"இது அவ அடிக்கு வைக்கணும். என் கையை நம்பினா மறுபடியும் அதே தப்புதான். ஞாயித்துக்கிழமை சோறு சாப்பிடும்போது சொல்லிக் கூட்டிட்டு வரேன்"னாரு. படியிறங்கும்போது திரும்பி நின்னு, "அவ காது சரியாத்தான் சொல்லிச்சு லேத்து. நான்தான் கேக்கல"ன்னாரு.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில அண்ணன் போயிட்டாரு.

பாப்பா, இது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடிச்சேன்.

கடையில இன்னும் ஏழு கிட்டார் காத்துக்கிட்டிருக்கு. பேரு ஒட்டி, நம்பி விட்டுட்டுப் போனவங்க இந்தக் கூட்டத்துலயே இருக்கீங்க. முடிச்சுக் குடுப்போம்னு இந்தச் சபையில சொல்றேன். திருகுறதுக்கு என் கை இருக்கு. கேக்குறதுக்கு யாரு இருக்கா?

தலைவர் ஐயா ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு சொன்னாரு. நிப்போம். அதுக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. கிட்டாரை நாற்காலிக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கேன். ஒயரும் சொருகியாச்சு.

எழுந்து வா பாப்பா. பட்டையை மாட்டிக்கோ. எப்பவும் அடிக்கிற மாதிரியே ஓங்கி அடி. அழுகையோட மெதுவா அடிச்சா அளவு தப்பாயிடும். அந்த ஆறாவது கம்பியோட ஸ்க்ரூவை நான் அரைச்சுத்து திருகிட்டு நிறுத்துறேன். போதுமா, இன்னும் வேணுமான்னு நீ சொல்லு.

மீட்டரை நான் கொண்டு வரல.