செங்கமலம் வீட்டுப் பூட்டு

பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால்தான் முகம் வரும், ஏட்டையா. சாம்பல் போட்டால் மங்கிப்போகும். செங்கமலம் வீட்டுப் பூட்டை வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்கச் சொன்னவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க என்ன இருக்கிறது.

பெயர் உடையப்பன். ஆலங்குடியில் கடலை மண்டி. ஒரே மகள் ராக்காயி. வைகாசியில் கறம்பக்குடியில் கொடுப்பதாகப் பேச்சு. இருபது பவுன் போடுவதாக ஒப்புக்கொண்டு தை மாதமே நகையைச் செய்து வாங்கிவிட்டேன். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாழாய்ப்போன திருட்டும் அதே மாதம்தான் நம் ஊரில் தலைகாட்டியது.

முதலில் மலையாண்டி வீடு. வாசலில் தேங்காய் அளவுக்குப் பூட்டு. அதை உடைத்து அண்டா குண்டான் வரை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரை ஒட்டினாற்போல் அடைக்கலம் வீடு. நாதாங்கியில் ஒரு வேப்பங்குச்சிதான் செருகியிருந்தது. அந்த வீட்டை எவனும் சீண்டவில்லை. அடுத்த தெருவில் நடந்ததும் அப்படியே.

நான் நிதானமாக யோசிக்கிற ஆள். மூட்டையைக் கட்டியிருக்கிற பக்குவத்தைப் பார்த்தே உள்ளே இருக்கிற கடலை எப்படி என்று சொல்லிவிடுவேன். திருடனும் தொழில்காரன்தானே. அவன் பூட்டைப் பார்த்து வீட்டுக்கு விலை போடுகிறான். என் சம்சாரம் அமராவதியோ, "ஊரே பூட்டு மாத்துது, நீங்க ஒரு நல்ல பூட்டா வாங்கிப் போடுங்க" என்று தினமும் பிடுங்கி எடுத்தாள். சரியென்று பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கே போய் வாங்கி வந்தேன். ஒரு கையால் தூக்க முடியாது, அப்பேர்ப்பட்ட பூட்டு. கொண்டுவந்து பக்கத்து வீட்டுச் செங்கமலத்துக்குக் கொடுத்தேன்.

அவள் புருஷன் மலேயாவில் இருக்கிறான். போய் ஆறு வருஷம். இவள் இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறாள்.

"என்னண்ணே இது, எங்கிட்ட என்ன கெடக்குன்னு இம்மாம் பெரிய பூட்டு? உள்ள இருக்கிறது நாலு சட்டியும் ஒரு ஆட்டுக்கல்லுந்தான்."

"தனியா இருக்கிற புள்ள. அண்ணன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று தெரு முழுக்கச் சொன்னாள். ஆசாரியைக் கூட்டிவந்து புது நாதாங்கியும் நானே அடித்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பூட்டுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்பாள். கும்பிட்டுவிட்டுத்தான் பூட்டுவாள். எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குங்குமம் தூரத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

டீக்கடையில் கேட்டார்கள், இட்லிக்காரிக்கு எதற்கு இவ்வளவு பெரிய பூட்டு என்று. நான் பொய் சொல்லவில்லை. "ஆறு வருசமா மலேயாவுல சம்பாரிக்கிறவன் சும்மாவா இருப்பான்?" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அடுத்த நாள் இன்னொரு கடையிலும் கேட்டேன். டிரங்குப் பெட்டி வந்திருக்கிறது என்று சொன்னது நான் இல்லை, அது தானாக வளர்ந்தது.

அவள் உள்ளே இருக்கும்போது திருடன் வந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். அதையும் யோசிக்காமல் இல்லை. செங்கமலத்துக்கு வெண்கலத் தொண்டை. அவள் ஒரு சத்தம் போட்டால் போதும், நான் எழுந்து என் கதவுக்குத் தாழ் போட்டுக்கொள்ள நேரம் இருக்கும்.

என் கதவுக்குப் பூட்டே போடவில்லை, வெளியே போனால் ஒரு குச்சிதான். நகை அடுப்படியில் புளிப்பானைக்குள் இருந்தது. அது எனக்கும் அமராவதிக்கும் மட்டும்தான் தெரியும். பூட்டு ஏன் பக்கத்து வீட்டுக்குப் போனது என்று அமராவதி கேட்டாள். "அது ஆம்பளை இல்லாத வீடு, நமக்கு நான் இருக்கேன்" என்றேன். என்னவோ மகானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. அதனால் என் யோசனையை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

பங்குனியில் நார்த்தாமலைத் தேர். தெருவே வண்டி கட்டியது. செங்கமலம் வரமாட்டேன் என்றாள். "இந்தப் பூட்டை நம்பி வராம வேற எதை நம்பி வரப்போற?" என்று நானே வற்புறுத்தி வண்டியில் ஏற்றினேன். என் வீட்டுக் கதவைச் சாத்தி, எல்லாரும் பார்க்க ஒரு குச்சியைச் செருகினேன். அமராவதி அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தேர் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினோம். தெரு காலியாகக் கிடந்த நேரம் பார்த்து வேலையை முடித்திருந்தார்கள். பூட்டு உடையவில்லை, ஏட்டையா, அதைச் சொல்லியாக வேண்டும். கதவைத்தான் நிலையோடு பெயர்த்துப் போட்டிருந்தார்கள். பூட்டு குங்குமத்தோடு நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயில் துண்டை வைத்துக்கொண்டு, "அடப்பாவிகளா" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். என் வாசலில் குச்சி வைத்தது வைத்தபடி இருந்தது.

செங்கமலம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நாலு சட்டிக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். அவள் என் காலில் விழுந்தாள்.

"ராக்காயி நகை போச்சேண்ணே. என்னைய நம்பிக் குடுத்தாங்களே மதினி. எம்புருசன் போட்டோ போனாப் போகுது, எம்புள்ள நகை போச்சே."

அமராவதி பக்கம் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"குச்சியை நம்பி இருவது பவுனை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? ஒங்ககிட்டச் சொன்னாக் கத்துவீங்க. நீங்களே வாங்கிக் குடுத்த பூட்டுத்தானேன்னு முதநாள் சாயங்காலமே கொண்டுபோய் அங்கிட்டு வச்சேன்."

கறம்பக்குடிக்காரர்கள் ஆள் விட்டுக் கேட்கிறார்கள். ராக்காயி என்னோடு பேசுவதில்லை. செங்கமலம் மட்டும் இன்னும் காலையில் நாலு இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்று அழுதுவிட்டுப் போகிறாள். நானும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன்.

டீக்கடைப் பேச்சை வைத்து என்னைத் திருடனுக்குக் கூட்டாளி என்கிறீர்கள். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. வழியைக் காட்டினேன், அவ்வளவுதான். கீரனூரில் வெறுங்கையோடு அகப்பட்டவன் உங்களிடம் சொன்னானாமே, "குச்சி சொருகின வீட்டுல என்ன இருக்கப்போவுதுன்னு விட்டுட்டோம்" என்று. பார்த்தீர்களா, என் கணக்கு ஒரு நூல் பிசகவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உடையப்பன் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூடத் திருட்டுப் போகவில்லை.